பின்னுக்குப் போகாத சீற்

— அமத்தும் சறோ, இன்னும் கொஞ்சம் அமத்தும்.

— அமத்திக்கொண்டுதானே இருக்கிறன். முனகுது, ஆனால் சீற் அசையுதில்லை.

— கதவில குட்டிச் சீற் மாதிரி ஒரு சுவிச் கிடக்கெல்லோ, அதைப் பின்னுக்குத் தள்ளவேணும், விளங்குதோ?

— நாப்பது வருஷம் உங்களோட குடும்பம் நடத்தினவளுக்கு உது விளங்காதே? தள்ளுறன், போகுதில்லை.

— பியூஸும் மாத்தியாச்சு, பற்றறியும் சார்ச் போட்டாச்சு. மோட்டர் உயிரோடதான் கிடக்கு. கீழ என்னவோ இறுகிப்போச்சு.

— இஞ்சாருங்கோ, உந்தக் கிழட்டுக் காரோட இண்டைக்கே மல்லுக்கட்டவேணுமே? கராஜ்காரன் திங்கக்கிழமை வாறன் எண்டவன்தானே.

— திங்கக்கிழமை ஆருக்கு வேணும்? இப்ப குருசுமுத்து தன்ர மகன் ஜெனோசனைக் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேக்க வரப்போறான். அதுக்கு முதல் சீற் பின்னுக்குப் போகவேணும்.

— அவை மன்னிப்புக் கேக்கிறதுக்கும் சீற்றுக்கும் என்ன?

— கேள்வி கேளாமல் ரோச் லைற்றைப் பிடியும்.

— ஐயோ, உந்த வயித்தோட நிலத்தில படுக்கிறியளே! எழுப்புறதுக்கு நான் கிரேன் பிடிக்கவேணும்.

— நக்கலை விட்டிட்டு லைற்றைக் காட்டும்.

— உந்த மன்னிப்பு வேண்டாமே. ஜெனோசன் பாவமெல்லோ. எவ்வளவு காலம் எங்களுக்குக் கார் ஓடினவன்.

— ஓடினவன்தான். பிறகு கேளாமல் எடுத்துக்கொண்டுபோய், மண்கும்பான் மதகில தேய்ச்சு, லைற்றையும் உடைச்சு, பூனை மாதிரிக் கொண்டுவந்து கொட்டிலுக்கை விட்டவனும் அவன்தான்.

— அவன்தான் எண்டு ஆர் கண்டது?

— கார்த் திறப்பு ரெண்டுதானே. ஒண்டு அவனிட்ட. மற்றது எங்கட அலுமாரிக்கை. அலுமாரிக்கை கிடந்த திறப்புக்குக் கால் முளைச்சதோ?

— பஸ்ஸுக்கு நிண்ட சனத்துக்கு முன்னால, கள்ளன் எண்டு சொல்லிச் சந்தியில வைச்சு அறைஞ்சனீங்கள். அவன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, “நான் இல்லை ஐயா” எண்டவனாம். கேள்விப்பட்ட நேரம் தொடக்கம் எனக்குச் சோறு இறங்கேல்லை.

— எனக்கு மட்டும் இறங்கினதோ? லைற்றை இஞ்சால! சீற் ஓடுற கம்பிக்குள்ள ஏதோ உருண்டையா நிக்குது. அந்தத் தடியைத் தாரும்.

— விடுங்கோ, கையை வெட்டிப்போடும்.

— ஆ… வந்திட்டுது. இது என்ன, பாத்துச் சொல்லும்.

— லைற் மங்குது, வடிவாத் தெரியேல்லை.

— மழுப்பாமல் சொல்லும் சறோ.

— தேசிக்காய்.

— எலுமிச்சை காஞ்சு கொட்டைப்பாக்கு மாதிரிப் போச்சு. அதில என்ன சிவப்பு?

— குங்குமம்.

— ஜெனோசன் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போற வேதக்காரப் பெடியன். கண்ணாடியில செபமாலை தொங்கவிட்டு ஓடுறவன். அவன் தேசிக்காயில குங்குமம் பூசுவானோ? ஆறடி ஆள் அவன். சீற் இருக்கிற இடத்தைப் பாரும். இதுக்குள்ள அவன் முழங்காலை எங்க வைச்சவன், வாய்க்குள்ளயோ? உமக்கெண்டால் அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கு.

— உங்களுக்கு நெஞ்சு நொந்த அண்டைக்கு அவன் ஊரில இல்லை. ஆஸ்பத்திரி வாகனம் வருமட்டும் நான் உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டு, கொட்டிலுக்கை நிண்ட இந்தக் காரையே பாத்துக்கொண்டிருந்தனான். ஓடத் தெரியாத என்ர கையை வெட்டிப்போடலாம் போல கிடந்தது.

— அதுக்கு?

— அவன் ஓடேக்கை பக்கத்தில இருந்து பாத்துப் பழகினனான். நீங்கள் காரைநகர்க் கலியாணத்துக்குப் போன அண்டு, பிள்ளையாரே எண்டு தேசிக்காயை மடியில வைச்சுக்கொண்டு தனியக் காரில வெளிக்கிட்டனான். மதகடியில ஒரு மாடு குறுக்க வந்தது. பிறேக்கை உதைக்கக் கார் மதகில தேய்ச்சுது, மடியில கிடந்தது உருண்டு போட்டுது. வந்து இறங்கேக்கை சீற்றைப் பின்னுக்கு விடப் பாத்தன், மாட்டன் எண்டிட்டுது.

— சொல்லியிருக்கலாமே.

— சொல்ல வாயெடுக்க முதல் நீங்கள் அறைஞ்சிட்டு வந்து நிண்டனீங்கள். பிறகு எந்த முகத்தோட சொல்லுறது? கண்ணாடியில என்னைப் பாக்கவே கூச்சமாக் கிடக்கு.

— சரி, அழாதையும். இப்ப சுவிச்சைத் தள்ளிப் பாரும்.

— போகுது… ஓம், பின்னுக்குப் போகுது!

— முழுக்க விடும். தேசிக்காயை வாழையடியில எறிஞ்சுபோட்டு, முகத்தைக் கழுவித் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டும்.

— ஏன்?

— வாறவைக்குக் குடுக்கத்தான். பெடியன் ஒருக்கா மன்னிப்புக் கேக்கட்டும், நானும் பெரிய மனுசனா மன்னிச்சு விடுறன். விசயம் முடிஞ்சுபோம்.

— உங்களுக்கு… இப்பதானே தெரியவந்தது?

— முந்தநாள் காரைத் துடைக்க வந்தனான். கதவைத் திறந்தன், சீற்றைக் கண்டன்.

— ரெண்டு நாளாத் தெரியுமே?

— இந்தக் கனகசபையின்ர வாய்க்கு ஊரில ஒரு மதிப்பிருக்கு சறோ. அறைஞ்ச கையை இனி என்னெண்டு திருப்பி எடுக்கிறது? மகன் செய்யாத பிழைக்குக் குருசுமுத்து தலைகுனிஞ்சு வாறான் எண்டு நினைக்க எனக்கும் உடம்பு கூசுது. ஆனால் ஏலாது. சனத்துக்கு முன்னால ஏலாது.

— அப்ப நீங்கள் இவ்வளவு நேரமும் திருத்தினது சீற்றை இல்லை, நான் ஓடின அடையாளத்தை அழிச்சனீங்கள்.

— உஸ்… கேற்றடியில சைக்கிள் மணி. வந்திட்டினம். கெதியா இறங்கும். என்ன செய்யிறீர்? சுவிச்சில இருந்து கையை எடும்!

— என்ர அளவுக்குத் திரும்ப முன்னுக்கு விடுறன். நீங்கள் போய்க் கேற்றைத் திறவுங்கோ, நான் இதுக்குள்ள இருக்கிறதை அவை பாக்கட்டும்.