தெரியுது, அப்படியே இரு

இல்ல தம்பி, நீங்க உக்காருங்க. புஸ்தக விழா ஆறு மணிக்குத்தானே? கார் எங்கயும் ஓடிப்போயிடாது. அண்ணன் அனுப்பின டிரைவருக்கு ஒரு டீ கூடக் குடுக்கலைன்னா அதையும் ஒரு புஸ்தகமா எழுதிடுவார்.

படிச்சேனே, ரெண்டு தடவை படிச்சேன். எண்பதுகள்ல நாங்க எவ்வளவு சந்தோஷமா இருந்தோம்னு அவர் எழுதித்தான் எனக்கே தெரியுது. தெருவுக்கே ஒரு டிவி, அது எங்க வீட்டுல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படம். கூடத்துல கால் வைக்க இடமிருக்காது. அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு டெய்லர் குடும்பம், எதிர்வீட்டு டீச்சர், அவங்க வீட்டு வாண்டுங்க. யார் மடியில யார் உக்காந்தாங்கங்கிற வரைக்கும் எழுதியிருக்கார். ஞாபகசக்திக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல.

நானா? புஸ்தகத்துல நானும் இருக்கேனே. மொட்டைமாடியில.

உங்க வயசுக்கு ஆன்டெனா பாத்திருக்க மாட்டீங்க. மாடியில தண்ணித்தொட்டி, அதை ஒட்டி ஒரு இரும்புக் குழாய், உச்சியில மீன்முள்ளு மாதிரி கம்பிங்க. காத்தடிச்சா திரும்பிக்கும். கீழ படம் புள்ளி புள்ளியா போயிடும். யாராவது தொட்டிமேல ஏறி குழாயைத் திருப்பணும். அந்த யாராவது நான்தான். பொம்பளைப் புள்ளைக்குப் படம் எதுக்குன்னு சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். அப்படிச் சொல்லல. உனக்குத்தான் கைராசின்னாங்க. பத்து வயசுல அதை நம்பித் தொலைச்சேன்.

நான் மேலேருந்து தெரியுதான்னு கத்துவேன். அண்ணன் ஜன்னல்கிட்ட நின்னு, தெரியல, இன்னும் கொஞ்சம்னு கத்துவார். வந்துடுச்சுன்னா, தெரியுது, அப்படியே இரு! அவ்வளவுதான். கையை எடுத்தா போயிடும், படம் முடியற வரைக்கும் புடிச்சுக்கிட்டே நிக்கணும். அந்தக் காலத்துப் படமெல்லாம் நான் காதாலதான் பாத்தேன். கீழ சிரிப்பாங்க, எதுக்குன்னு தெரியாமலே நானும் மேல சிரிச்சுக்குவேன். லூசு.

ஆமா, அதையேதான் புஸ்தகத்துக்குப் பேரா வச்சிருக்கார். அப்படியே இரு. காலத்தைப் பாத்துச் சொல்றாராம்.

நீங்களும் படிச்சீங்களா? எது பிடிச்சுது? ஓ, படம் கண்ணாடி மாதிரி தெரிஞ்ச அன்னைக்கு. எல்லாருக்கும் அதுதான் பிடிச்சிருக்கு, பேப்பர்லயும் அதைத்தான் போட்டிருந்தாங்க. ஒரு புள்ளி இல்ல, ஒரு கோடு இல்ல, தங்கச்சி அன்னைக்கு என்ன மாயம் பண்ணாளோன்னு முடிச்சிருக்கார்.

மாயமெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. தொட்டிமேல பாசி, வழுக்கிட்டேன். பிடிக்கக் கிடைச்சது குழாய் ஒண்ணுதான், அதையும் இழுத்துக்கிட்டு மாடித் தரையில விழுந்தேன். அது சாஞ்ச சாய்ப்புல கீழ படம் பளிச்சுன்னு வந்திருக்கு. நான் அண்ணான்னு அலறுறேன். கீழேருந்து பதில் வருது, தெரியுது, அப்படியே இரு! மறுபடி அலறுறேன். தெரியுது தெரியுது, அசையாதே! அப்புறம் பாட்டு வந்துடுச்சு போல, சத்தத்தைக் கூட்டி வச்சுட்டாங்க.

சுபம் போட்டப்புறம்தான் அப்பா மேல ஏறி வந்தார்.

தேடாதீங்க, புஸ்தகத்துல அது இல்ல. அடுத்த அத்தியாயம் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுது. அந்த வருஷம் அவர் மட்டும் போன பள்ளிக்கூடம். மறந்துட்டாரா, மறைச்சுட்டாரான்னு நான் கேட்டதில்ல. வலி எப்பவோ போயிடுச்சு, கோபம்தான் போகல. போகவும் வேண்டாம்.

டீ ஆறுது, குடிங்க. வரமாட்டேன்னு நான் எங்க சொன்னேன்? காலையிலேயே தலை சீவி, நல்ல துணி உடுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன் பாருங்க. மேடையில நாலு வார்த்தை பேசணுமாம், அதையும் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டேன். மண்டபம் எங்கன்னு சொன்னீங்க?

ரெண்டாவது மாடியா.

லிஃப்டே கிடையாதா? அண்ணனே நேர்ல போய்ப் பாத்துப் பிடிச்ச மண்டபமா? சரிதான்.

ஐயோ வேண்டாம் தம்பி, தூக்கிட்டுப் போறதெல்லாம் வேண்டாம். அந்த ரெண்டு ஊன்றுகோலையும் எடுத்த இடத்துலயே சாத்தி வச்சிடுங்க. அண்ணன்கிட்ட போய் நான் சொன்னேன்னு சொல்லுங்க. தெரியுதாம். இங்கேருந்தே நல்லாத் தெரியுதாம். அப்படியே இருக்காளாம்.