லாரி முடியிற வரைக்கும்

— ரிமோட்டுல கம்பியை முன்னாடி தள்ளுனியா, பின்னாடி தள்ளுனியா?

— முன்னாடிதான் மாமா. இதோ பாருங்க, கட்டை விரல் முன்னாடிதான் இருக்கு.

— அப்புறம் லாரி ஏன் பின்னாடி போவுது?

— தெரியல. ஆனா... அது போகுதே மாமா. அதான் எனக்குப் புரியல.

— எனக்கும் அதான் புரியல.

— உங்களுக்கு என்ன புரியல?

— அது போறது. இல்ல, பின்னாடி போறது. பின்னாடி போறதத்தான் சொல்றேன். நீ என்ன சொல்ற?

— நானும் அதேதான்.

— இன்னொரு வாட்டி ஓட்டு.

— ஒரு நிமிஷம், ரொட்டிப் பையை எடுத்து அந்தப் பக்கம் வைங்க. ம்... இப்ப முன்னாடி தள்றேன்.

— அட போ! நேரா பின்னால போயி சீஸ் மேல ஏறுது பாரு. நாலு கிலோ லாரி, என் காலை உணவு போச்சு.

— சக்கரத்துல எல்லாம் ஒட்டிக்கிச்சு மாமா. துணி எங்க?

— துணி கெடக்கட்டும். கேளு. போன சனிக்கிழமை இதே கராஜ்ல, இதே தரையில ஓட்டிப் பாத்தோம். சமத்தா முன்னாடி போச்சு. மூவாயிரத்துச் சொச்சம் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டை, பத்து மாசம், இனி தூசி தட்டிக் கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போறது ஒண்ணுதான் பாக்கின்னு கை குலுக்கிக்கிட்டோம். சரியா?

— சரி.

— ஒரு வாரத்துல என்ன ஆச்சு இதுக்கு? பேட்டரியை நீதானே சார்ஜ் போட வீட்டுக்கு எடுத்துட்டுப் போன? திருப்பிச் செருகிட்டியோ?

— அது ஒரு பக்கமாத்தான் நுழையும் மாமா.

— நீ பல்லு செட் செய்யிறவன். மேல் பல்லைக் கீழ மாட்டுற ஆளு.

— பதினோரு வருஷத்துல ஒரே ஒரு தடவை. அதையும் அந்தம்மா போட்டுக்கறதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டேன்.

— சரி, இப்ப என்ன பண்ணலாங்கற?

— வந்து... ரிமோட் ஓரத்துல ஒரு சின்ன பித்தான் இருக்கு. தட்டினா முன்னாடி பின்னாடியாகும், பின்னாடி முன்னாடியாகும். ஒரு நொடி வேலை. மணி ஒம்பது ஆகுது, பத்துக்கு நாம கண்காட்சி ஹால்ல இருக்கணும்.

— தட்டினா சரியாயிடுமா?

— ஆயிடும்.

— முழுசா?

— முழுசா.

— அப்ப தட்டாத.

— ஏன் மாமா?

— காரணம் தெரியாம பித்தானைத் தட்டுறது எனக்கு ஆகாது. இருபத்தொன்பது வருஷம் துறைமுகத்துல, சர்க்கரை எடுக்குற பீட் கிழங்கு ஏத்துற கிரேன் ஓட்டுனவன் நான். சுமை ஏன் ஆடுதுன்னு தெரியாம ஒரு நாளும் நெம்புகோலைத் தொட்டதில்ல. இரு, ஃபோன் கூவுது.

— யாரு?

— சிசெல்.

— என்னவாம்?

— "லாரி முடிஞ்சுதா அப்பா?" அவ்ளோதான் எழுதியிருக்கா.

— என்ன பதில் போடப் போறீங்க?

— நீ சொல்லு. முடிஞ்சுதா?

— சக்கரத்துல இன்னும் சீஸ் இருக்கு மாமா, தொடைச்சிடறேன்.

— பேச்ச மாத்தாத. சரி, "கெளம்பிட்டிருக்கோம்"னு போட்டுட்டேன். ஃபோனை அணைச்சும் வச்சிட்டேன்.

— அவ பேர்ல தப்பில்ல மாமா.

— தப்பிருக்குன்னு நான் எப்ப சொன்னேன்? பிப்ரவரியில நீங்க பிரிஞ்ச அன்னிக்கு எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டா. "லாரி முடியிற வரைக்கும் எஸ்கில் சனிக்கிழமை வரட்டும் அப்பா. அதுக்கப்புறம் வேணாம், எனக்குச் சங்கடமா இருக்கு." பெத்த பொண்ணு. சரின்னேன். வேற என்ன சொல்றது?

— நியாயம்தான். அவளும் அந்தப் புது ஆளும் இங்க சாப்பிட வரணும்ல. நான் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?

— அவன் நல்ல பையன்தான். ஆனா கட்டையைக் கையில குடுத்தா கீழ வச்சிடறான்.

— இன்னொரு வண்டி ஆரம்பிக்கலாம்னு நினைச்சேன் மாமா. ஒரு பனி தள்ளுற வண்டி மாதிரி.

— "இன்னொண்ணு ஆரம்பிக்கக் கூடாது"ன்னு அதையும் சேத்துத்தான் சொன்னா. என் பொண்ணாச்சே, சந்து விடுவாளா?

— அப்ப இன்னிக்குத்தான் கடைசி.

— லாரி முடிஞ்சுதுன்னா கடைசி. அதுக்கு மொதல்ல இது ஏன் இப்படிப் பண்ணுதுன்னு பாப்போம். பின்பக்கத்தைக் கழட்டு மாப்ளே.

— இன்னும் மாப்ளேன்னே கூப்பிடறீங்க.

— அய்யான்னு கூப்பிடவா? கழட்டு.

— வந்து... பின்பக்கம் வேணாம் மாமா. அங்க ஒண்ணும் இருக்காது.

— ஒண்ணும் இல்லன்னா கழட்டுறதுல என்ன?

— முன்பக்கத்தைப் பாக்கலாம்.

— முன்பக்கம் நல்லாத்தான் இருக்கு. நான் கட்டுனது.

— பின்பக்கமும் நல்லாத்தான் இருக்கு. நான் கட்டினது.

— அப்ப எது நல்லா இல்ல? நீ ஏன் வெளுத்துப் போயிருக்க? ரொட்டி சாப்பிட்டியா?

— நீங்களும்தான் வேர்க்கறீங்க.

— கராஜ் புழுக்கமா இருக்கு.

— கதவு திறந்திருக்கு மாமா. வெளிய எட்டு டிகிரி.

— கேளு. வாத்தியார் கணக்கா மொதல்லேருந்து போவோம். நடுவுல மோட்டார். அதுலேருந்து ஒரு தண்டு முன்சக்கரத்துக்கு, ஒரு தண்டு பின்சக்கரத்துக்கு. ரெண்டு அச்சுலயும் ஒரு பெரிய பல்சக்கரம். அதுல ஏதாவது ஒண்ணைப் பக்கம் மாத்தி மாட்டிட்டா என்ன ஆவும்?

— அந்த அச்சு மட்டும் தலைகீழா சுத்தும். முன்சக்கரம் முன்னாடி இழுக்கும், பின்சக்கரம் பின்னாடி இழுக்கும். வண்டி நின்ன இடத்துலயே நிக்கும். பல்லுதான் நறநறங்கும்.

— இந்தக் கட்டைப் பைத்தியம் பிடிச்சவன் எல்லாம் மொதல் வண்டியில பண்ற தப்பு.

— நாமளும் பண்ணோம், நம்ம டிராக்டர்ல. என்ன தப்புன்னு கண்டுபிடிக்கவே மூணு சனிக்கிழமை ஆச்சு.

— நல்ல மூணு சனிக்கிழமை அது.

— ஆமா மாமா.

— ஆனா இந்த லாரி நறநறக்கலியே. வழுக்கிட்டுப் போவுது. அப்ப அந்தத் தப்பு இதுல இல்ல. இல்லதானே?

— அதான் என் மண்டையைக் குடையுது. இது நகரவே கூடாது.

— எது?

— இந்த லாரி.

— ஏன் நகரக் கூடாது?

— சும்மா சொன்னேன்.

— எஸ்கில். ஏன் நகரக் கூடாது?

— ஏன்னா... பின் அச்சுப் பல்சக்கரத்தை நான் மாத்தி மாட்டிட்டேன்.

— எப்போ?

— போன சனிக்கிழமை. ஓட்டிப் பாத்து முடிச்சப்புறம், நீங்க நாயை வெளிய கூட்டிட்டுப் போனப்ப. நாலு நிமிஷ வேலை.

— தெரிஞ்சேவா?

— தெரிஞ்சேதான். ஹால்ல எல்லார் முன்னாடியும் இது நகராம நிக்கட்டும்னு நினைச்சேன். நின்னா, "இன்னும் முடியல"ன்னு ஆயிடும்ல? முடியலன்னா நான் வரலாம்ல? வெக்கமா இருக்கு மாமா. சிசெல் இல்லாம இருக்கப் பழகிட்டேன். அது முடியுது. ஆனா சனிக்கிழமை விடிஞ்சா எனக்குப் போறதுக்கு இந்தக் கராஜை விட்டா வேற இடம் இல்ல. பேக்கரியில போய் நின்னா நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து வாய் தன்னால ஆறு ரொட்டின்னு கேக்குது. ஒத்த ஆளு ஆறு ரொட்டிய வச்சுக்கிட்டு என்ன பண்றது? திட்டணும்னா திட்டிடுங்க. ஏன் சிரிக்கறீங்க?

— சிரிக்கல.

— கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கறீங்க மாமா.

— அது வேற தண்ணி. நீ பேசு.

— பேசறதுக்கு என்ன இருக்கு? கணக்குதான் உதைக்குது. பின்னதை நான் மாத்தினா, வண்டி நிக்கணும். நிக்காம ரெண்டு அச்சும் ஒத்துமையா பின்னாடி போகுதுன்னா, முன்னதும்...

— ம்.

— முன்னதும் யாராவது...

— நான்தான். புதன்கிழமை சாயங்காலம். பேட்டரி உங்கிட்ட இருந்துச்சா, ஓட்டிப் பாக்க வழியில்லாமப் போச்சு.

— மாமா!

— மாமாவும் இல்ல கீமாவும் இல்ல. அந்த ரிமோட்டைக் கீழ வச்சிட்டு லாரியை மல்லாத்திப் பிடி. நீ பின்பக்கத்துல கை வைக்காத, அது அப்படியே இருக்கட்டும். நான் என்னோடத மட்டும் ஒழுங்கா மாட்டிடறேன், ஹால்ல நகராம நிக்கட்டும்.