அவரைப் பந்தலுக்கு விட்ட தண்ணீர்

கத்தரிச் செடிக்கு வெயில் ஏறுவதற்கு முன்பே தண்ணீர் விட்டுவிட வேண்டும். இது தெரியாமல் எங்கள் தெருவில் பலர் செடி வைத்து, வாடிப்போனதும் மண்ணைக் குறை சொல்கிறார்கள். இண்டூர் மண்ணில் ஒரு குறையும் இல்லை இன்ஸ்பெக்டர் மேடம். நீங்கள் வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தீர்களாமே, உங்களுக்கே தெரிந்திருக்கும்.

என் பெயர் ராணியம்மாள். இறந்துபோன கிருஷ்ணப்பன் என் வீட்டுக்காரர். லாரி ஓட்டினார். போன ஐப்பசியில் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. யார் வந்தாலும் அடையாளம் தெரியும், சொல்வதெல்லாம் புரியும். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பார்த்துக்கொண்டேன்.

முன்னறையில் கிடந்தவரைப் பின்னறைக்கு மாற்றியது நான்தான். அங்கே ஜன்னலைத் திறந்தால் தோட்டம் முழுக்கத் தெரியும். பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனதுக்கு நல்லது என்று பக்கத்து வீட்டு ஹசீனாவிடம் சொன்னேன். கட்டிலைப் பிடித்து நகர்த்த அவளும் வந்தாள். "நீங்க மட்டும் இல்லன்னா அண்ணன் கதி என்னங்கக்கா" என்று கண் கலங்கினாள்.

மாசி முடிவதற்குள் தண்ணீர்க் கஷ்டம் வந்துவிட்டது. ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தாலும் சில குடங்கள்தான். அதில் சமைத்து, துவைத்து, செடிக்கும் விட வேண்டும். அவர் தண்ணீர் குடித்தால் படுக்கை நனையும். போர்வையை அலசினால் இரண்டு குடம் போய்விடும். அந்த இரண்டு குடம் இருந்தால் அவரைப் பந்தலுக்குப் போதும். யார் யோசித்தாலும் இப்படித்தான் யோசிப்பார்கள். அதனால் குடிக்கக் கொடுப்பதைக் குறைத்தேன். சொம்பு டம்ளராயிற்று. பிறகு அரை டம்ளர். அதன் பிறகு மாத்திரை விழுங்குகிற அளவு. போர்வை காய்ந்தே இருந்தது. அவரை நன்றாகப் பூ விட்டது.

காலையில் வாளியிலிருந்து மொண்டு ஒவ்வொரு தூராக ஊற்றுவேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். நாக்கு வெளியே வந்து உதட்டைத் தடவும். இடது கையால் ஜன்னல் கம்பியைத் தட்டுவார். நான் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த செடிக்குப் போவேன். ஜன்னலுக்கு நேராக இருந்த செடிக்கு மட்டும் கொஞ்சம் உயரத்திலிருந்து, மெதுவாக ஊற்றுவேன். அப்படி ஊற்றினால் மண் அரிக்காது.

ஒருநாள் நான் கடைக்குப் போயிருந்தபோது கீரை கேட்டு ஹசீனா வந்திருக்கிறாள். நான் திரும்பி வரும்போது அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். சொம்பு காலி. அவர் அவள் கையை விடாமல் பிடித்திருந்தார்.

"என்னங்கக்கா, அண்ணன் இப்படிக் குடிக்கறாரு? தண்ணியே பாக்காதவரு மாதிரி? உதடெல்லாம் வெடிச்சிக் கெடக்குது."

"டாக்டர்தான் கொறைச்சிக் குடுக்கச் சொல்லிருக்காரு ஹசீனா. நெறைய குடிச்சா நெஞ்சுல சளி கட்டிக்குமாம்."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஹசீனாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவள் போன பிறகு முன்கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். அதற்குப் பின் அவளுக்குக் கீரையை வாசல் கேட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். குறை வைக்கவில்லை, கை நிறையவே கொடுத்தேன்.

அவர் என்னை அடிப்பாரா என்று கேட்டீர்கள். லாரி ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் முன்கோபக்காரர்கள். ஒரு தடவை வண்டியிலிருந்து இறங்கி வந்த நேரத்தில் நான் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். சோறு வடிக்கவில்லை. "வூட்டுக்கு வந்தா சோறு இல்ல, இங்க செடிகிட்ட நின்னுக்கினு இருக்கறயா?" என்று பந்தலை இழுத்துச் சாய்த்தார். கத்தரிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். காய் பிடித்திருந்த செடிகள். பிறகு என் தலையைப் பிடித்து ஈரப் பாத்தியில் வைத்து அழுத்தினார். "தின்னு, இதையே தின்னு" என்றார். வாயெல்லாம் மண். வாய் கொப்பளிக்கப் போனபோது குடத்தைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டார். குடும்பம் என்றால் இப்படி ஏதாவது இருக்கும். அடுத்த வாரமே புது நாற்று வாங்கி நட்டுவிட்டேன். இதைக் காரணமாக நான் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னேன்.

தண்ணீர்க் கஷ்டம்தான் காரணம் என்று இங்கே முதலில் சொன்னேன். உங்கள் ஏட்டும் அப்படித்தான் எழுதிக்கொண்டார். அதைத் திருத்த வேண்டும். சித்திரை பிறந்ததும் கோடை மழை பெய்தது. மாடித் தண்ணீர் விழுகிற சிமெண்ட் தொட்டி நிரம்பி, வாசல் வரை வழிந்து ஓடியது. மண் ஊறிப்போனதால் செடிகளுக்கும் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. இருந்த தண்ணீர் முழுவதும் சும்மா கிடந்தது.

அந்த மத்தியானம் மழைச் சத்தம் கேட்டு அவர் கண்ணைத் திறந்தார். நாலைந்து நாளாகத் திறக்காத கண். நான் தொட்டியில் ஒரு சொம்பு மொண்டு வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் வாயைத் திறந்தார். சொம்பை அவர் உதட்டுக்கு மிக அருகில் கொண்டுபோனேன். பிறகு நானே குடித்தேன். மழைத் தண்ணீர், நல்ல ருசி. அவர் கண்ணோரத்தில் ஒரு சொட்டு இறங்கியது. உடம்பில் இன்னும் அவ்வளவு மிச்சம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். மீதியை ஜன்னல் வழியாக வெளியே ஊற்றினேன்.

மறுநாள் காலையில் உயிர் இல்லை. உடம்பைக் குளிப்பாட்ட வந்த ஹசீனா அவர் நாக்கைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அவரைத் தண்ணீர் கொடுக்காமல் கொன்றது நான்தான். தெரிந்துதான் செய்தேன், அவசரப்படாமல் செய்தேன்.

ஆனால் பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் மேடம். அவர் மேல் எனக்கு என்றைக்குமே கோபம் இருந்ததில்லை.