ரெண்டு பக்கமும் ஒரே பார்டர்

ஆரணியிலிருந்து தேசூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கணக்கு டீச்சர்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் விடைத்தாள் கட்டு.

“புடவைக்கு ரெண்டு பக்கமும் ஒரே பார்டர்தானே டீச்சர்னு கேக்கறா.”

“யாருங்க?”

“என் ஒன்பதாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி. வீட்ல தறி. காரணிப்படுத்தச் சொன்னா, ரெண்டு பிராக்கெட்லயும் ஒரே நம்பரப் போட்டுகினு வர்றா. இதப் பாருங்க. கூட்டினா ஆறு, பெருக்கினா எட்டு வரணும். மூணு, மூணுன்னு எழுதி வச்சிருக்கா.”

“பெருக்கினா ஒன்பதாச்சே.”

“அதான் முட்டை போட்டேன். தினம் இதே பேஜார்.”

மற்றவர் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஒண்ணுதானே ஜாஸ்தி? இந்த மூணுல ஒண்ண எடுத்து அந்த மூணுல போடுங்க.”

“ரெண்டு, நாலு... அட, எட்டு வருதுங்க!”

“கூட்டினாலும் ஆறுதான்.”

“எல்லாக் கணக்குக்கும் இப்படி வருமா?”

“போட்டுப் பாத்தாத்தான் தெரியும்.”

ஜன்னலோரத்து டீச்சர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“அது கெடக்கட்டும். செவப்பு இங்க்ல முட்டை போட்டுட்டேனே, இத என்னங்க பண்றது?”

“ஜாஸ்தியா ஒண்ணு இருந்துச்சே, அத முட்டைக்கு முன்னாடி போட்டுடுங்க.”