மணி அடிக்கும் முன்னே

அப்பா வாங்கி வந்த காலிங் பெல் நல்ல பெல்தான், மேடம். விலை குறைவு என்பதற்காக அதைக் குறை சொல்லக் கூடாது. வயர் இல்லாத சுவிட்சை அத்தையின் கட்டில் கம்பியில் தொங்கவிட்டிருந்தோம், பெட்டியைக் கூடத்துச் சுவரில் சொருகியிருந்தோம். பதினோரு மாதத்தில் அது ஒரு நாள்கூட ஏமாற்றியதில்லை. அதை அப்பா போட்டு உடைத்திருக்க வேண்டியதில்லை.

நீங்கள் வாயால் சொல்லச் சொன்னீர்கள். எனக்குப் புது மனிதர் முன்னால் முதல் எழுத்தே வராது. எழுதித் தருகிறேன் என்றதும் தாள் கொடுத்தீர்கள். நன்றி. எழுத்தில் நான் திக்குவதில்லை.

அத்தை இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பின்வாசலிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் டிரைவருக்கு மட்டுமல்ல, அடுத்த ஸ்டாப்பில் நிற்பவர்களுக்கும் கேட்கும் என்று அப்பா சொல்வார். தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து, கழுத்தில் துளை போட்டு ஒரு குழாய் வைத்தார்கள். அதன் பிறகு மூச்செல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான். குழாயின் வாயை விரலால் மூடிக்கொண்டால் காற்றுப் போலக் கொஞ்சம் பேசலாம். சளி வந்து அடைத்துக்கொண்டால் பேச்சும் இல்லை, மூச்சும் இல்லை. உடனே யாராவது ஓடிவந்து மெஷினால் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்த யாராவது நான்தான். வாரம் ஒரு முறை வரும் நர்ஸக்கா எனக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த வேலையில் என் கை ஒரு நாளும் நடுங்கியதில்லை.

பத்தாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டுவிட்டேன். எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்வார்கள். வகுப்பு முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் போகவில்லை, பிறகு போகவே இல்லை. அப்பா காலையில் குடோனுக்குப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வருவார். அதுவரை வீட்டில் நானும் அத்தையும். அத்தை என்னை ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவார். அறை வாசலில் தயங்கி நின்றால் விரலைக் குழாயில் வைத்துக்கொண்டு, "படியில நிக்காதடி. உள்ள போ, உள்ள எடம் இருக்கு" என்பார். சில நாள் எனக்கு அது மட்டும்தான் பேச்சுத்துணை.

தியானத்தை போனில் பழகினேன். ஒரு டீச்சரின் குரல், முகம் தெரியாது. கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் உள்ளுணர்வு விழித்துக்கொள்ளும், சொல்லாததும் காட்டாததும் தானாகத் தெரியவரும் என்றார். ஒருவரிடம் பேசாமலே அவரை அறிந்துகொள்ளலாம் என்பது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று திக்காமல் பேசுகிறவர்களுக்குப் புரியாது. பயிற்சிகள் எளிமையானவை. போன் ஒலிக்கும் முன் யாரென்று உணர வேண்டும். கதவு தட்டும் முன் எழ வேண்டும். எனக்கு போன் செய்பவர் யாரும் இல்லை, எங்கள் கதவைத் தட்டுபவரும் இல்லை. பெல் அடிப்பது அத்தை மட்டும்தான். ஆகவே அத்தையை வைத்துப் பழகினேன்.

பக்கத்து அறையில் சுவரைப் பார்த்து உட்கார்வேன். ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மதியம் நெஞ்சுக்குள் ஏதோ பிடித்து இழுத்தது. எழுந்து போனேன். அத்தையின் கை அப்போதுதான் சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தது. சளியை எடுத்து முடித்ததும் என்னையே பார்த்தார்.

"பெல்லே அடிக்கலையே, எப்படிடி வந்த?"

"தெ... தெரிஞ்சுது அத்தை."

"அடேங்கப்பா! சாமியாரம்மா ஆயிட்டியா? இனிமே வாசல்ல க்யூ நிக்கும். டிக்கெட் நான் கிழிக்கறேன்."

என்னைப் பார்த்து ஒருவர் ஆச்சரியப்பட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு ஒன்பது முறை அப்படி நடந்தது.

நர்ஸக்கா வந்தபோது அத்தை இதைப் பெருமையாகச் சொன்னார். நர்ஸக்கா பஞ்சைச் சுருட்டியபடியே, "சளி கட்டினா டியூப்ல கொரகொரன்னு சத்தம் வருமே, பக்கத்து ரூமுக்குக் கேக்காதா? பொண்ணுக்குக் காது நல்லா இருக்கு, அவ்வளவுதான்" என்றார். அத்தையும் சேர்ந்து சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அது நியாயமான சந்தேகம். அதைத் தீர்க்க வேண்டுமானால் காதை விலக்கிப் பார்க்க வேண்டும். மறுநாளிலிருந்து காதில் பஞ்சை அடைத்து, இரண்டு அறைக் கதவுகளையும் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு முறைகூடத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் பெல் முந்திக்கொண்டது. பஞ்சையும் கதவையும் தாண்டிக் கேட்டது. அவ்வளவு நல்ல பெல் என்று அதனால்தான் சொல்கிறேன்.

டீச்சருக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "வெளியிலிருந்து வரும் அறிகுறியை நம்பியிருக்கும்வரை உள்ளுணர்வு பேசாது. அதை விட்டுவிடுங்கள்." கீழே ஒரு பூ. டீச்சர் மேல் தவறில்லை. எங்கள் வீட்டில் ஒரு பெல் இருப்பது அவருக்குத் தெரியாது.

அத்தையிடம் முறையாகத்தான் கேட்டேன்.

"அத்தை, ரெண்டே நாள். பெல் அடிக்காம மனசுல என்னை நெனைங்க. நான் வந்துடுவேன்."

"வரலேன்னா?"

"வருவேன்."

"நீ வர்றதுக்குள்ள நான் கடைசி ஸ்டாப்புல எறங்கியிருப்பேன்." சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வெளையாட்டு போதும்டி. உங்கப்பன்கிட்ட சொல்லிட்டேன். அடுத்த மாசத்துலேருந்து பகலுக்கு ஒரு ஆளு வருது. நீ ஸ்கூலுக்குப் போ. என் மூச்சையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா நீ எப்பத்தான் பேசப் பழகுவ?"

இது திங்கட்கிழமை. நான் இனி சொல்லப்போவது புதன்கிழமை. இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்ப்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழகுவதற்கு இனி நாள் குறைவு என்று மட்டும் நினைத்தேன்.

சுவிட்சைத் தினமும் ஈரத்துணியால் துடைப்பேன். புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் துடைத்தபோது பின்மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்துக்கொண்டேன். சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது. அத்தை விழித்துத்தான் இருந்தார். "மெல்லத் தொடைடி, தேஞ்சுடப்போவுது" என்றார். சுவிட்சை அவர் கைக்கு எட்டும்படி பழைய இடத்திலேயே விட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவார். பயந்த மனதிலிருந்து அழைப்பு தெளிவாக வராது.

அன்று போல் தியானம் எனக்கு என்றும் அமைந்ததில்லை. பெல்லை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதே பெரிய விடுதலையாக இருந்தது. முதுகு வலிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ "போ" என்றது. மிகவும் அவசரமாகச் சொன்னது. இதைப் பற்றி டீச்சர் முன்பே எச்சரித்திருக்கிறார். எழுந்திருக்கச் சொல்வது மனத்தின் தந்திரம், உள்ளுணர்வு அவசரப்படாது. அந்த எண்ணத்தை விட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்பினேன். இன்னும் இரண்டு முறை சொன்னது. பிறகு சொல்லவில்லை.

அதற்குப் பின் வந்த அமைதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. யாரோ வந்து ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தது போல் இருந்தது. பள்ளியில் என் பெஞ்சில் பக்கத்து இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், பைகளை வைப்பார்கள். அதனால் அந்த உணர்வு எனக்குப் புதிது. கலைந்துவிடுமோ என்று நாலு மணி வரை அசையவில்லை.

கதவைத் திறந்தபோது அத்தையின் போர்வை தரையில் கிடந்தது. தண்ணீர் டம்ளர் உருண்டு கதவோரம் வந்திருந்தது. ஒரு கை மெஷினை நோக்கி நீண்டிருந்தது. மறு கையில் சுவிட்ச் இருந்தது. பெருவிரல் பொத்தானில் அழுந்தியிருந்தது, நகம் வெளுத்திருந்தது. விரலைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. கையை மெல்லத் திருப்பிப் பின்மூடியைத் திறந்து பேட்டரியைப் போட்டேன். உடனே கூடத்தில் பெல் அடித்தது.

"வந்துட்டேன் அத்தை" என்றேன். அந்தச் சத்தம் கேட்டால் அப்படிச் சொல்லித்தான் பழக்கம்.

போர்வையை மடித்தேன். தரையைத் துடைத்தேன். அப்பா வந்து தலையில் அடித்துக்கொண்டு, "பெல்லு கேக்கலையா பாப்பா?" என்றார். "கேக்கலப்பா" என்றேன். அது பொய்யில்லை. அவர் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் அடித்தார். அதிலிருந்து ஒன்பது நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் எல்லாம், மட்டமான பெல்லை வாங்கி அக்காவைத் தானே கொன்றுவிட்டதாகச் சொல்கிறார். கேட்கக் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

பேட்டரியை எடுத்தது நான். எடுத்தால் என்ன ஆகலாம் என்று எனக்குத் தெரியும், நர்ஸக்கா எல்லாம் சொல்லித் தந்திருக்கிறார். திரும்பப் போட்டதும் நான்தான். இதற்குக் கீழே எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் நான் வந்ததும் திக்கிச் சொன்ன இரண்டு வார்த்தையை வைத்து நீங்கள் எழுதிய தாளில் ஒரு வரியைத் திருத்த வேண்டும், மேடம். அத்தை கூப்பிட்டும் நான் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தை என்னைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.