பதினோரு நிமிடம்

எங்கள் வீட்டில் தொலைபேசியைத் துடைத்து வைப்பவன் நான் ஒருவன்தான், ஐயா. அண்ணி எண்ணெய்க் கையோடு எடுப்பார். சொன்னால் அண்ணன் சிரிப்பார்.

கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் என் மோடத்துக்கு ரிசீவர் சுத்தமாக இருக்க வேண்டும். அதன் முதுகில் இரண்டு ரப்பர் குழிகள். ரிசீவரை அதில் குப்புறக் கவிழ்த்து அழுத்தினால், என் கணினி கீச்சுக் குரலில் சொல்வதை அலுவலகக் கணினி அந்தப் பக்கம் கேட்டு எழுதிக்கொள்ளும். அறைக்குப் பக்கத்தில் யாராவது உரக்கச் சத்தம் போட்டால், பாவம், அதையும் எழுத்தென்று நம்பிவிடும். பிறகு கோப்பை முதலிலிருந்து அனுப்ப வேண்டும். முழுதாகப் பதினோரு நிமிடம்.

இதை அண்ணியிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார். ஒருநாள் பாதி வேலையில் ரிசீவரைப் பிடுங்கித் தன் தங்கையோடு பேசினார். "போன் எங்க பேர்லதான இருக்கு தம்பி" என்றார். அண்ணன் அதற்கும் சிரித்தார். அன்று இருவர் மீதும் எனக்கு வெறுப்பு வந்தது, அதை மறைப்பதற்கில்லை. போன் இருப்பது என் அறையில். மறுநாளே கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அண்ணி கதவைத் தட்டினார்.

"தம்பி, அண்ணனுக்கு நெஞ்சு வலிக்குது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லணும், கதவத் திறங்க."

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு அண்ணி. தட்டாதீங்க."

தணிந்த குரலில்தான் சொன்னேன். அவர் ஓங்கி ஓங்கித் தட்டினார். திரையில் குப்பை எழுத்துகள் வந்தன; முதலிலிருந்து தொடங்கினேன். கதவில் மோதிக்கொண்டு அழுதார், மறுபடியும் முதலிலிருந்து. தெருவில் வேறு போன் முனைக் கடையில்தான் உண்டு. மதியத்தில் கடை பூட்டியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நடுவில் அண்ணன், "சின்னவனே" என்று ஒருமுறை கூப்பிட்டார். மெல்லிய குரல்தான். எழுத்து எதுவும் கெடவில்லை.

அதன் பிறகு வீடு அமைதியாயிற்று. கோப்பு பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தது. ரிசீவரைத் துடைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்கு நானேதான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் விசாரித்திருப்பீர்கள். ஆமாம், அதே கோப்பைக் காலையிலேயே அனுப்பி முடித்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் முனகியது கேட்ட பிறகுதான் எழுந்து தாழ்ப்பாளைப் போட்டேன், ரிசீவரைக் கவிழ்த்தேன். செய்தது நான்தான்.

இருந்தாலும் யோசித்துப் பாருங்கள், ஐயா. அண்ணி சத்தம் போடாமல் இருந்திருந்தால் பதினோரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.