சீட்டில் விட்ட இரண்டு விரல் இடம்

மேடையிலிருக்கும் தலைவர் அவர்களே, துறை இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்த அம்மையாரின் கணவரே, மகளே, பின்தெருவிலிருந்து திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! மூன்றாவது வரிசையில் ஒருவர் பாட்டிலில் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறார். குடிக்கவா, சோதிக்கவா தெரியவில்லை. எதற்கானாலும் அவருக்கும் என் வணக்கம்.

நம் குடிநீர்ச் சோதனைக்கூடத்தின் முதன்மைப் பகுப்பாய்வாளர், நீங்கள் எல்லோரும் சீட்டம்மா என்று அழைத்த அந்தப் பெருமாட்டி, போன சனிக்கிழமை காலை வேலைக்கு வரும் வழியில் பேருந்திலேயே இறந்துபோனார். நான் அவருக்குப் பக்கத்து மேசையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். அழுகை வரும் என்று ஐந்து நாளாகப் பார்க்கிறேன், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மரத்துக் கிடக்கிறது.

அன்றைக்குச் சனிக்கிழமைச் சோதனை மேசையைக் கூடத்தின் வாசலில் எடுத்துப் போட்டது நான்தான். தண்ணீரோடு வரிசையில் பதினான்கு பேர். பத்தேகாலுக்கு அவர் கணவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, அவ போயிட்டா" என்றார். சரிங்க என்று வைத்துவிட்டேன். பதினான்கு பேரின் தண்ணீரையும் வாங்கி, பேர் ஒட்டி, சோதித்து முடித்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். கடமை வீரன் என்று இங்கே ஒருவர் என்னைப் பாராட்டினார். கடமையும் இல்லை, வீரமும் இல்லை ஐயா. வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மேசை எப்படி வந்தது? யாராவது உத்தரவு போட்டார்களா? இல்லை! "நம்ம ரிப்போர்ட்டை நம்மளே எழுதி நம்மளே அலமாரியில பூட்டி வைக்கிறோம். தண்ணி குடிக்கிறது யாரு, அலமாரியா?" என்று ஒரு நாள் சீட்டம்மா கேட்டார். அடுத்த சனிக்கிழமை மேசை வாசலுக்கு வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் தண்ணீர் கொண்டுவரலாம். கண் முன்னால் சோதிப்பார். ஒரே ஒரு நிபந்தனை. சோதிக்கும் முன் உங்கள் ஊகத்தை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல தண்ணியா, கெட்ட தண்ணியா, ஏன் அப்படி நினைக்கிறீர்கள்? அவரும் தன் சீட்டை எழுதுவார். தப்பான சீட்டுகள் எல்லாம் பலகையில் ஏறும். அதில் அதிகம் யாருடையது தெரியுமா? அவருடையதுதான்!

"படிச்சவங்க நீங்களே தப்பா எழுதினா எப்படிம்மா?" என்று ஒரு லாரி ஓட்டுநர் கேட்டார். "தப்புன்னு கண்டுபிடிச்சதும் நான்தானே, அதுக்குத்தான் சம்பளம்" என்றார் அம்மையார். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்லத் தானே எழுதுவார். எனக்கு எதுக்குங்க சீட்டு, நீங்க சொன்னா சரி என்று யாராவது சொன்னால்தான் அவருக்குக் கோபம் வரும். "நான் சொன்னா சரின்னா நீங்க கோயிலுக்குப் போங்க, இங்க ஏன் வந்தீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார்.

ஒன்பது வருஷம் முன்பு பின்தெரு முழுவதும் தண்ணீரில் காரீயம் இருக்கிறதா என்று சோதித்தோம். தெருவே நல்ல தண்ணீர் என்று சீட்டு எழுதியது. தையற்கடை நடத்தும் ஒரு அம்மா மட்டும் கோளாறு இருக்கிறது என்று எழுதினார். முடிவு வந்தது: கோளாறு இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா நகரவில்லை. எங்கள் ஆள் ஒருவரிடம், "எந்தத் தண்ணியப் பிடிச்சீங்க தம்பி?" என்று கேட்டார்.

"குழாயை ரெண்டு நிமிஷம் திறந்துவிட்டுட்டுப் பிடிச்சோம்மா. அதுதான் முறை."

"நாங்க யாரு ரெண்டு நிமிஷம் திறந்து விடுறோம்? ராத்திரி பூரா பைப்புல கிடந்த தண்ணியத்தானே காலையில முதல்ல பிடிச்சு பிள்ளைங்களுக்குப் பால் கலக்குறோம்?"

சீட்டம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய்த் தன் நாற்காலியைத் தூக்கிவந்து தையல்கார அம்மாவுக்குப் போட்டார். மறுநாள் விடிந்ததும் முதல் தண்ணீரைப் பிடித்துவந்து சோதித்தார். காரீயம் இருந்தது. பழைய பைப்பிலிருந்து கரைந்துகொண்டிருந்தது.

விஷயத்தை வெளியே விடாமல் பைப்பை மட்டும் மாற்றிவிடலாம் என்று மேலிடம் சொன்னது. நானும் தலையாட்டினேன். அவர் நேராகப் பின்தெருவுக்குப் போய் நின்றார். "நல்ல தண்ணின்னு சொன்னோம். தப்பு. கையெழுத்து என்னுது" என்றார். "அப்ப இத்தனை நாள் எங்க பிள்ளைங்க குடிச்சது?" என்று ஒரு அப்பா கத்தினார். சீட்டம்மா சமாதானம் சொல்லவில்லை. "தெரியல. ரத்தம் பார்த்தாத்தான் தெரியும். நானும் கூட வர்றேன்" என்றார். பதினேழு பிள்ளைகளோடு போனார். நான்கு பேருக்கு ரத்தத்தில் காரீயம் கூடுதலாக இருந்தது. எட்டு மாதம் விடாமல் அலைந்து பைப்பை மாற்ற வைத்தார்.

இனிமேல் ஒருத்தரும் மேசைக்கு வரமாட்டார்கள் என்றேன் நான். "சீட்டுல எழுது" என்றார். எழுதினேன். அடுத்த சனிக்கிழமை நாற்பத்தொரு பேர் வந்தீர்கள்! என் சீட்டு பலகையில் ஏறியது. அதில் எனக்கு வெட்கமில்லை.

வெட்கம் வேறொரு சீட்டில். அதைப் பலகை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். "பின்தெரு. குழாயைத் திறந்துவிட்டுப் பிடித்தது தப்பு" என்று எழுதி, கீழே அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கும் கீழே இரண்டு விரல் இடம் சும்மா கிடக்கிறது. ஒன்பது வருஷமாகக் கிடக்கிறது. ஒரு நாள்கூட அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை.

எங்கள் ஆள் ஒருவர் என்று சொன்னேனே, அது நான்தான். திறந்துவிட்டுப் பிடிப்பது கிருமிச் சோதனைக்கு. காரீயத்துக்கு முதல் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும். முதல் வருஷப் பாடம் அது. ஒரு வாரமாகக் கிருமிச் சோதனைக்குப் பிடித்த கை, பழக்கத்தில் திறந்துவிட்டது. தையல்கார அம்மா கேட்ட அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் "அதுதான் முறை" என்று சொன்னேன். உங்கள் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னேன், தையல்கார அம்மா. சீட்டம்மா தெருவில் நின்று பேசியபோது நான் எங்கே இருந்தேன்? வேனுக்குள் இருந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நான்கு பிள்ளைகளைப் பெற்றவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அன்றைக்கு நான் முறை என்று சொன்னது முறையில்லை. தப்புச் செய்தவன் நான். இதை அவர் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். இப்போது உங்கள் முன்னால் அந்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

போட்டுவிட்டேன்.

சீட்டம்மா அவர்களே! உங்கள் மேசை வாசலைவிட்டு உள்ளே போகாது. இந்தச் சீட்டு பழைய ஆணியிலேயே தொங்கும். வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன். எத்தனை பேர் வருவீர்கள் என்ற என் ஊகத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, மேசை மேல் மடித்து வைத்திருக்கிறேன். தையல்கார அம்மா, நீங்கள் வந்து பிரித்துப் பாருங்கள். நாற்காலி போட்டு வைக்கிறேன்.